பூவாயி வயலில் முடிந்த ஆறு

போன வாரத்துக்கு முந்தின வியாழக்கிழமை. காலை எட்டு மணி இருக்கும். தோசைக்கல் அடுப்பில் இருந்தது. போன் அடித்தது. மலையிலிருந்து பூவாயி.

“அக்கா, தண்ணி ஒரு மாதிரி நாறுதுங்க. மருந்து வாசம். வாய்க்கா பூரா நொரை வருது. மறிப்பை எடுத்து உட்டறட்டுங்களா?”

“இரு கண்ணு, பார்த்துச் சொல்றேன்” என்றேன்.

எதைப் பார்த்து? வாய்க்காலையா? அவள் கொல்லிமலையில், குண்டூர் நாட்டில், வரப்பு மேல் நிற்கிறாள். நான் மலையடிவாரத்தில், காளப்பநாயக்கன்பட்டியில், அடுப்படியில் நிற்கிறேன். என்னால் பார்க்க முடிந்தது என் போனைத்தான். பார்த்தேன். பச்சை விளக்கு. அதன் கீழே ஒரு மெசேஜ் — ‘உங்கள் பகுதியில் ஓடை நீர் பாதுகாப்பாக உள்ளது. அச்சப்பட வேண்டாம்.’

அந்த இரண்டு வாக்கியங்களும் நான் எழுதியவை. என் அண்ணன் மகன் ஆபீஸில் ‘பீதியடைய வேண்டாம்’ என்று போட்டிருந்தார்கள். பீதி என்று படித்தாலே ஜனங்களுக்குப் பீதி வருமே என்று நான்தான் உட்கார்ந்து மாற்றிக் கொடுத்தேன். அவ்வளவு அக்கறை எனக்கு.

“ஒண்ணும் பயமில்லை பூவாயி. பச்சைதான் காட்டுது. மறிப்பை எடுத்துடாதே. முறை போயிடும்.”

“செரிங்க்கா. நீங்க சொன்னாச் செரி.”

போனை வைத்தேன். தோசை தீய்ந்திருந்தது. அப்போதைக்கு எனக்கு அந்தக் கவலைதான்.

என்ன பச்சை விளக்கு, என்ன மறிப்பு, என்ன முறை என்று கேட்கிறவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன். வழக்கமாகப் படிக்கிறவர்களுக்கு ஞாபகம் இருக்கும். சில மாதங்களுக்கு முன் இதே பக்கத்தில் என் அண்ணன் மகன் தினேஷைப் பற்றிப் பெருமையாக எழுதியிருந்தேன். நீங்களும் பாராட்டி மெயில் அனுப்பினீர்கள். ஒருத்தர் அவன் ஜாதகம்கூடக் கேட்டிருந்தார். (அவனுக்குக் கல்யாணமாகி இரண்டு குழந்தைகள்.) அந்தக் கட்டுரையை இன்றைக்கு வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

தினேஷ் செய்கிற வேலை இது. ஒரு ஆற்றில் எண்ணெயோ, அமிலமோ, பூச்சிமருந்தோ கொட்டிவிட்டது என்று வையுங்கள். அது எத்தனை மணிக்கு எந்த ஊருக்குப் போய்ச் சேரும், போகும்போது எவ்வளவு கெட்டியாக இருக்கும், அந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா கூடாதா — எல்லாவற்றையும் கம்ப்யூட்டரே கணக்குப் போட்டுச் சொல்லிவிடும். அந்தக் கணக்குக்குத்தான் மாடல் என்று பெயர். ஆபத்தில்லை என்றால் அந்தந்த ஊர்க்காரர்கள் போனில் பச்சை விளக்கு காட்டும். பழைய மாடல் ஆற்றை நேரான சிமென்ட் வாய்க்கால் மாதிரி நினைத்துக்கொண்டிருந்ததாம். அதை அப்கிரேட் செய்ய வேண்டும் என்று கிளம்பியவர்களில் தினேஷ் ஒருவன். ஒவ்வொரு வளைவும், சரிவும், பாறையும் புது மாடலுக்குள் வந்துவிட்டது. மலை ஓடைகளுக்கும் சேர்த்துச் செய்யலாம் என்று கொல்லிமலை ஓடை ஒன்றைப் பரீட்சைக்கு எடுத்தார்கள். அது இறங்கி எங்கள் பக்கத்துக்குத்தான் வருகிறது. எங்கள் தெருக் குழாயில் வருவதும் அந்தத் தண்ணீர்தான்.

“அத்தை, மெசேஜ் எல்லாம் நல்ல தமிழ்ல இருக்கணும். நீங்க எழுதிக் குடுங்க. அப்படியே ஊர்க்காரங்ககிட்ட பேசறதுக்கும் கூட வாங்க” என்றான்.

போகாமல் இருப்பேனா? எழுதுகிறவளைச் சயின்ஸுக்குக் கூப்பிட்டால் வரும் சந்தோஷமே தனி. புதுச் செருப்பு வாங்கிக்கொண்டு போனேன்.

அங்கே செய்தது சாயப் பரீட்சை. ஓடையின் மேல்முனையில் ரோஸ் கலர் சாயத்தைக் கொட்டுவார்கள். கெடுதல் இல்லாத சாயம். கீழே பாலத்தில் ஒரு கருவியை வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். சாயம் எத்தனை மணிக்கு வருகிறது, எவ்வளவு வெளுத்து வருகிறது என்று பார்த்து, மாடல் சொன்னதோடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்ப்பார்கள். பத்தரைக்கு வந்துவிடும் என்றது மாடல்.

பத்தரை ஆனது. வரவில்லை. பதினொன்றரைக்கு டீ குடித்தோம். ஒரு மணிக்குப் பொட்டலத்தைப் பிரித்துப் புளிசாதம் சாப்பிட்டோம். பாலத்துக்கடியில் தண்ணீரே கணுக்காலுக்குக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. தினேஷ் கருவியைக் கழற்றி மாட்டினான். இன்னொருவர் பேட்டரியைச் சந்தேகப்பட்டார். மூன்றாமவர், டவர் சரியில்லை என்றார். சாயத்துக்கும் டவருக்கும் என்ன சம்பந்தமோ!

இரண்டு மணிக்கு ஒரு பெண் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வேகமாக இறங்கி வந்தாள். நாற்பது வயதிருக்கும். முழங்கால் வரை சேறு.

“ஏனுங்க, அந்த ரோஸு தண்ணிய உட்டது நீங்களுங்களா? எங்க வயல்ல வந்து நிக்குது. நெல்லுக்கு ஏதாச்சும் ஆயிருமுங்களா?”

அவள்தான் பூவாயி.

விஷயம் இதுதான். மழை ஓய்ந்து ஓடை மெலிந்துவிட்டால், அந்த ஊரில் தண்ணீருக்கு முறை வைத்துக்கொள்வார்கள். இன்றைக்கு முறை யாருக்கோ அவர், விடிந்ததும் கல்லும் களிமண்ணும் தழையும் வைத்து ஓடையைக் குறுக்கே மறித்துவிடுவார். முழு ஓடையும் வாய்க்காலில் திரும்பி அவர் வயலுக்குப் போகும். பொழுது சாய்ந்ததும் மறிப்பை எடுத்துவிட வேண்டும். ராத்திரித் தண்ணீர் கீழ்நாட்டுக்கு, அதாவது எங்களுக்கு. நடுவில் மறிப்பை எடுத்தால் அன்றைய முறை அத்தோடு சரி. அடுத்த முறை எட்டாம் நாள்தான். எழுதி வைத்த சட்டம் கிடையாது. ஆனால் அந்த ஊரில் யாரும் தவறியதில்லை.

அன்றைக்குப் பூவாயியின் முறை. அதனால் ஆறு பாலத்துக்கு வரவில்லை. அவள் வயலுக்குப் போய்விட்டது.

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. தினேஷுக்குச் சிரிப்பு வரவில்லை. “இது மனுஷத் தலையீடு அத்தை. மாடல்ல ஓடை இயற்கையா ஓடணும். இந்த நாளை நாங்க எடுத்துக்க முடியாது” என்றான். அன்றைய அளவுகள் மொத்தத்தையும் ‘வழக்கத்துக்கு மாறான நாள்’ என்று குறித்து ஒதுக்கிவிட்டார்கள்.

வழக்கத்துக்கு மாறான நாளா? அந்த ஊர்க்காரர்களுக்குத் தலைமுறை தலைமுறையாக இருக்கும் வழக்கமே அதுதானே? இந்தக் கேள்வி எனக்கு அன்றைக்குத் தோன்றியதா என்றால்... தோன்றியது. கேட்டேனா என்றால், இல்லை. பெரிய படிப்புப் படித்தவர்கள் நாலு பேர் நிற்கும்போது, புதுச் செருப்புப் போட்ட ஒரு பத்தி எழுத்தாளர் என்னத்தைக் கேட்பது?

கேட்காமல் விட்டதோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. அடுத்து நான் செய்ததுதான் அசல் காரியம். மறுபடி பரீட்சை வைக்க வேண்டும், அன்றைக்கு மறிப்பு இருக்கக் கூடாது, ஊர்க்காரர்களிடம் பேசிச் சம்மதம் வாங்க வேண்டும். யார் பேசுவது? அதற்குத்தானே அத்தையைக் கூட்டி வந்தது!

பேசினேன். நன்றாகவே பேசினேன். “ஒரு நாள் தண்ணியை விட்டுக் குடுங்க. உங்க நல்லதுக்குத்தான். நாளைக்கு ஏதாவது விஷம் ஓடையில விழுந்தா உங்க போனுக்கே மெசேஜ் வரும்” என்றேன். தினேஷ் ஆட்கள் குறித்த தேதியும் பூவாயியின் முறையாகவே அமைந்தது. அவள் கொஞ்ச நேரம் மண்வெட்டிக் காம்பைத் தடவிக்கொண்டு நின்றாள். வீட்டுக்காரர் சேலம் பக்கம் கட்டட வேலைக்குப் போகிறார். ஒன்றரை ஏக்கர் நெல்லை அவள்தான் ஒண்டியாகப் பார்க்கிறாள்.

“எட்டு நாளு காய விடறது செரமந்தானுங்க... நீங்க இத்தன தூரம் வந்து கேக்கறீங்க. செரி, உட்டுத் தாரேன்.”

விட்டுக் கொடுத்தாள். மறிப்பில்லாத ஓடையில் சாயம் இறங்கியது. மாடல் சொன்ன நேரத்துக்குப் பாலத்துக்கு வந்து சேர்ந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். மாடல் பாஸ். கொல்லிமலையில் அந்த மாடல் பார்த்தது அந்த ஒரே ஒரு நாளைத்தான். அந்த ஓடை மெலிந்த காலத்தில் அப்படி ஓடவே ஓடாது. இல்லாத ஒரு நாளை ஏற்பாடு பண்ணி அதற்குக் காட்டியவள் நான்.

அதற்கப்புறம் பூவாயி வாரத்துக்கு ஒரு தடவையாவது போன் பண்ணுவாள். மகள் பிளஸ் டூவில் எந்த குரூப் எடுக்கலாம், மிளகை எப்போது விற்கலாம் என்று எல்லாவற்றுக்கும் யோசனை கேட்பாள். நானும் மிளகைக் கடைப் பாக்கெட்டில் மட்டுமே பார்த்தவள் என்பதை மறந்து யோசனை சொல்வேன்.

இப்போது அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன்.

காலை ஏழு மணிக்கு மலை ரோட்டில் ஒரு பிக்கப் வண்டி, எதிரே வந்த பைக்குக்கு ஒதுங்கப்போய், பூவாயியின் மறிப்புக்கு மேலே உள்ள இன்னொரு பாலத்தடியில் கவிழ்ந்திருக்கிறது. மேலே ஒரு கடைக்குப் போக வேண்டிய களைக்கொல்லி மருந்து. டிரைவருக்குக் கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். ஆனால் கேன்கள் உடைந்து மருந்து ஓடைக்குள் இறங்கிவிட்டது. யாரோ உடனே அவசர நம்பருக்குப் போன் பண்ணியிருக்கிறார். ஆபீஸில் உடனே மாடலில் ஏற்றியிருக்கிறார்கள். குறை சொல்ல முடியாதபடி எல்லாரும் அவரவர் வேலையைச் செய்திருக்கிறார்கள்.

மாடலும் தன் வேலையைச் செய்தது. இவ்வளவு மருந்து, ஓடை நிறைய இவ்வளவு தண்ணீர், போகப் போகக் கரைந்துவிடும், ஆபத்தில்லை. மலையிலிருந்து அடிவாரம் வரை எல்லா ஊருக்கும் பச்சை.

ஆனால் அன்றைக்கு யாருடைய முறை?

எனக்கு அது தெரியும். ‘முறை போயிடும்’ என்று என் வாயாலேயே சொன்னேனே! மறிப்பு இருந்தால் ஓடை பாலத்துக்குப் போகாது என்று நேரில் நின்று பார்த்துச் சிரித்தவளும் நான்தான். தினேஷுக்காவது அன்றைக்கு யார் முறை என்று தெரியாது, மாடல் மட்டும்தான் தெரியும். பூவாயிக்கு முறை மட்டும்தான் தெரியும். இரண்டும் தெரிந்த ஒரே ஆள் இந்த உலகத்தில் நான் ஒருத்திதான். அந்த ஒருத்திக்குத்தான் அவள் போன் பண்ணிக் கேட்டாள், எடுத்து விடட்டுமா என்று. மருந்தோ நுரையாக வாய்க்காலில் வந்துகொண்டிருக்கிறது. பத்து நிமிஷ வேலை. நாலு கல்லைப் புரட்டினால் ஓடை தன் வழியில் போயிருக்கும்.

நான் பச்சையைப் பார்த்தேன்.

மறுநாள் தினேஷ் போன் பண்ணினான். குரலில் துள்ளல். “அத்தை, நேத்தே பாலத்துல சாம்பிள் எடுத்துட்டோம். மருந்தே இல்லை! மாடல் சொன்னதைவிடச் சுத்தமா இருக்கு. முதல் நிஜச் சம்பவம், முதல் அட்டெம்ப்ட்லயே ஓகே!”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பாலத்தில் மருந்து இல்லை. அப்படியானால் மருந்து எங்கே?

“பூவாயி வயல்ல சாம்பிள் எடுத்தீங்களா சாமி?”

“வயல் ஆறு இல்லையே அத்தை.”

நேற்றுக் காலை பூவாயி பேசியதைச் சொன்னேன். முறையைச் சொன்னேன். தினேஷ் மெதுவாகச் சொன்னான். “முறை என்னிக்கு யாருக்குன்னு டேட்டா கிடையாதே அத்தை. தினமும் யாராவது அப்டேட் பண்ணினாத்தான் உள்ளே கொண்டுவர முடியும். அடுத்த அப்கிரேடுல பார்க்கலாம்.”

“டேட்டா இல்லையா? அவகிட்ட போன் இருக்குதேடா! ஒரு போன் பண்ணிக் கேட்டாச் சொல்ல மாட்டாளா?”

“ரிப்போர்ட் போயிடுச்சு அத்தை” என்றான்.

தினேஷ் கெட்டவன் இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரமாக இருக்கிறது. கெட்டவனாக இருந்தால் திட்டித் தீர்த்துவிட்டுத் தூங்கியிருப்பேன். ராப்பகலாக உட்கார்ந்து ஒவ்வொரு பாறையையும் கணக்கில் ஏற்றியவன் அவன். பாறை இருந்த இடத்திலேயே இருக்கும், போட்டோவில் தெரியும். மண்வெட்டியோடு ஒரு பெண் விடியற்காலையில் வந்து ஓடையைத் திருப்பி வைப்பது போட்டோவில் தெரியாது. அதனால் அது தலையீடு. அவள் வயல் மருந்து முழுவதையும் வடிகட்டிக் கொடுத்ததால் பாலத்துத் தண்ணீர் சுத்தம். அந்தச் சுத்தம் மாடலுக்கு வெற்றி.

இதைப் பற்றி ஆபீஸுக்குக் கடிதம் எழுதினேன். பதில் வந்தது. ‘தங்கள் கருத்து பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது.’ நல்ல தமிழ். யார் எழுதிக் கொடுத்தார்களோ.

ஐந்தாம் நாள் பஸ் ஏறி மேலே போனேன். வளைவுகளில் எல்லாம் ஒரே யோசனை, என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று. பேசுவதற்கு வார்த்தை கிடைக்காத நிலைமை எனக்கு அதிகம் வந்ததில்லை. வாராவாரம் ஒரு பக்கம் நிரப்புகிறவள்.

வயலைப் பார்த்ததும் எதுவும் சொல்லத் தேவையில்லை என்று தெரிந்துவிட்டது. படிப்படியாக இறங்கும் வயலில் மேல் தட்டு முழுவதும் பழுத்துக் கிடந்தது. கதிர் இன்னும் தாளை விட்டு வெளியே வரவில்லை. இனி வரவும் வராது. அடுத்த தட்டில் தண்ணீர் போன தாரையெல்லாம் மஞ்சள். பக்கத்து வயல்கள் பச்சைப் பசேல் என்று நின்றன. அதைப் பார்ப்பதுதான் கொடுமையாக இருந்தது.

பூவாயி வரப்பில் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து, “வாங்க்கா” என்றாள். வழக்கம்போலத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பிறகு தானாகவே, “இது கெணத்துத் தண்ணிங்க” என்றாள்.

குடித்தேன். சொம்பைத் திருப்பிக் கொடுத்தேன்.

“வக்கப்புல்லக்கூட மாட்டுக்குப் போட வேண்டாம்னு வெட்னரி டாக்டர் சொல்லிட்டுப் போனாருங்க” என்றாள். “மகளு ஆஸ்டல்ல இருந்து லீவு போட்டு வாரேன்னா. நாந்தான் வேண்டாம்னுட்டேன். வந்து என்னத்தைப் பாக்கறது?”

“பூவாயி, என் மேலதான் தப்பு. திட்டறதுன்னா திட்டிக்கோ” என்றேன்.

அவள் திட்டவில்லை. பழுத்த தாள் ஒன்றைப் பிடுங்கி, அடியிலிருந்து நுனி வரை உரித்துக்கொண்டே இருந்தாள். உள்ளே கதிர் வெள்ளையாக, நூல் மாதிரி இருந்தது.

“ஒண்ணு கேக்கட்டுங்களா அக்கா? எங்கூட்டுக்காரரு போன்ல ஒரு வார்த்த சொன்னாரு. நாலு நாளா மனசுலயே நிக்குதுங்க.”

“கேளு கண்ணு.”

“நான் அன்னிக்கு மறிப்பை எடுத்திருந்தா, அந்த மருந்து அப்படியே கீழ எறங்கி உங்க ஊருக் கொழாய்க்குத்தானுங்களே வந்திருக்கும்?”

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, கையிலிருந்த தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அது தெரிஞ்சுதான் எடுக்க வேண்டாம்னு சொன்னீங்களா?”

இல்லை என்றேன். சத்தியமாக இல்லை என்றேன். என் பேரன் மேல் ஆணையாக என்று ஆரம்பித்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்திவிட்டாள்.

“அப்பறம் ஏனுங்க்கா சொன்னீங்க?”

“யோசிக்காம சொல்லிட்டேன் கண்ணு.”

அவள் தலையை ஆட்டினாள். நம்பினாளா என்று தெரியவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கீழ்த் தட்டுக்கு இறங்கிப் போய்விட்டாள். பஸ் வரும்வரை நான் அங்கேயே நின்றிருந்தேன். அவள் திரும்பி வரவில்லை. அதற்கப்புறம் போனும் பண்ணவில்லை.

தெரிந்தே செய்தேன் என்று அவள் வீட்டுக்காரர் நினைக்கிறார். அப்படி இருந்தாலாவது அதில் ஒரு கணக்கு இருக்கும். என் தரப்பு நியாயம் அதைவிடச் சின்னது. யோசிக்கவில்லை. இந்த ஒரு சொல்தான். நீங்களே ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், கேட்பதற்கு எப்படி இருக்கிறது என்று.